வென்ற யுத்தமும் தோற்ற சமாதானமும்: வுட்ரோ வில்ஸன் சரித்திரம்

யுத்தத்தைத் தொடங்குவது ஆட்சியாளரின் கையில் இருக்கிறது. தொடங்கிய மறு கணம் முதல் ஆட்சியாளரே யுத்தத்தின் கையில் அகப்பட்டுக்கொள்கிறார். இவ்வுண்மைக்கு உலக சரித்திரத்தில் உதாரணங்கள் பல உண்டு. எனினும், 1913 முதல் 1921 வரை எட்டு வருஷ காலம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாக இருந்த வுட்ரோ வில்ஸனுடைய வாழ்க்கையைப் போல இதைத் தெளிவாகவும் துயரமாகவும் எடுத்துக்காட்டுவது வேறொன்று இல்லை எனலாம்.

1918ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அவர் ஐரோப்பாவில் கால் வைத்தார். அதற்கு முன் எந்த அமெரிக்க ஜனாதிபதியும் பதவியில் இருக்கும்போது அக்கண்டத்துக்குச் சென்றதில்லை. பாரிஸிலும் லண்டனிலும் ரோமிலும் ஜனங்கள் கடல் போல் திரண்டு அவரை வரவேற்றார்கள். நாலு வருஷ யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அவரை ரக்ஷகராகவே கருதினார்கள். பதினைந்து மாதங்கள் சென்றன. 1920ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், அவர் கையெழுத்திட்ட உடன்படிக்கையை அவருடைய சொந்த நாட்டு ஸெனட் சபையே இரண்டாம் முறையாக நிராகரித்தது. பாரிசவாயு கண்ட உடலோடு அவர் வெள்ளை மாளிகையின் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்தார்.

இந்த வீழ்ச்சிக்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. எதிர்க்கட்சித் தலைவரான ஹென்றி காபட் லாட்ஜின் பகைமை, வில்ஸனுடைய பிடிவாதம், அவருக்கு வந்த நோய் என்பனவே அவை. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் அவருடைய தோல்விக்கு விதை ஊன்றப்பட்டது பாரிஸிலும் அல்ல, 1919லும் அல்ல என்பது நமது கருத்து. அது 1917ல், அவர் தமது சொந்த நாட்டிலேயே தமது கையாலேயே ஊன்றியது. அவ்வரலாற்றை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் உயர்வும்

வில்ஸன் 1856ம் வருஷம் டிசம்பர் 28ந் தேதி வர்ஜீனியா மாகாணத்திலுள்ள ஸ்டாண்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பிரெஸ்பிட்டீரியன் கிறிஸ்தவ சபையின் குரு. குழந்தைக்கு நாலு வயது நிறைந்த சில மாதங்களில் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் மூண்டது. அப்போது குடும்பம் ஜார்ஜியாவிலுள்ள அகஸ்டா நகரத்தில் வசித்தது. தந்தையாரின் கோயிலே காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக மாறிற்று. தோற்ற பக்ஷத்தின் வறுமையையும் அவமானத்தையும் கண்ணாரக் கண்டு வளர்ந்தவர் வில்ஸன். யுத்தம் என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படித்து அறிய வேண்டிய நிலையில் அவர் இருக்கவில்லை.

பிரின்ஸ்டன் கல்லூரியில் 1879ல் பட்டம் பெற்றார். பின்னர் சட்டம் பயின்று அட்லாண்டா நகரில் வக்கீல் பலகை மாட்டினார். கட்சிக்காரர்கள் வரவில்லை. அந்தக் கஷ்டத்தின் சுவையை அறிந்தவர்கள் நம்மிலும் பலர் உண்டு. ஒரு வருஷத்துக்குள் அத்தொழிலைக் கைவிட்டு மீண்டும் படிக்கச் சென்றார். அமெரிக்கக் காங்கிரஸ் சபை நடைமுறையில் எவ்வாறு ஆட்சி செய்கிறது என்பதை ஆராய்ந்து அவர் 1885ல் வெளியிட்ட நூல் அவருக்குப் புகழ் தந்தது. 1890ல் பிரின்ஸ்டனில் ஆசிரியரானார். 1902ல் அதன் தலைவரானார். 1910ல் நியூ ஜெர்ஸி மாகாணத்தின் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டே வருஷத்தில், எதிர்க்கட்சி டாஃப்ட் என்றும் தியோடோர் ரூஸ்வெல்ட் என்றும் இரண்டாகப் பிளந்து நின்ற சமயத்தில், ஜனாதிபதி ஸ்தானமே அவரை வந்தடைந்தது. அத்தேர்தலில் தொழிலாளர் தலைவரான யூஜீன் டெப்ஸ் என்பவரும் சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில் போட்டியிட்டுச் சுமார் ஒன்பது லக்ஷம் வோட்டுகள் பெற்றார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வில்ஸன் பதவி ஏற்றது உள்நாட்டுச் சீர்திருத்தங்களைச் செய்வதற்காக. இறக்குமதித் தீர்வைகளைக் குறைத்தார். வருமான வரியை ஏற்படுத்தினார். 1913ம் வருஷம் டிசம்பரில் மத்திய ரிஸர்வ் பாங்கு முறையை நிறுவினார். முதலாளிகளின் ஏகபோகக் கூட்டுகளைத் தடுக்க 1914ல் புதிய சட்டம் செய்தார். ஆனால் அதே காலத்தில் மத்திய சர்க்கார் காரியாலயங்களில் கறுப்பு இனத்தவரையும் வெள்ளையரையும் பிரித்து வைக்கும் வழக்கத்தைத் தமது மந்திரிகள் பரப்பியதை அவர் ஒப்புக்கொண்டார். முறையிட வந்த கறுப்பு இனத் தலைவர்களிடம் கோபித்துக்கொண்டார். சுதந்திரம் என்ற சொல்லுக்கு அவர் மனத்தில் ஓர் எல்லை இருந்தது. அது பின்னால் உலகம் முழுவதற்கும் விளங்கப் போகிறது.

நடுநிலைமையைத் தின்ற வியாபாரம்

1914ம் வருஷம் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஐரோப்பா தீப்பற்றி எரிந்தது. அதே வாரத்தில், ஆகஸ்டு 6ந் தேதி, வில்ஸனுடைய மனைவி எல்லன் காலமானார். சொந்தத் துயரத்தின் நடுவே அவர் தமது நாடு நடுநிலைமை வகிக்கும் என்று அறிவித்தார். அதற்குத் தக்க காரணம் இருந்தது. அமெரிக்க ஜனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அன்னிய நாடுகளில் பிறந்தவர்கள், அல்லது அவ்விதம் பிறந்தவர்களின் மக்கள். ஜெர்மானியர், ஐரிஷ்காரர், ஆங்கிலேயர், யூதர், போலிஷ்காரர் என்று பல ரத்தங்கள் கலந்த நாடு ஒரு பக்ஷத்தில் சேர்ந்தால் உள்ளேயே பிளவு உண்டாகும் என்று அவர் அஞ்சினார்.

ஆனால் வாயால் அறிவித்த நடுநிலைமையை வியாபாரம் மெல்ல மெல்லத் தின்றது. பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியை முற்றுகையிட்டிருந்ததால், அமெரிக்கச் சரக்கு போகக்கூடிய வழி பிரிட்டனும் பிரான்ஸும் மட்டுமே. நேசக் கட்சியாருக்கு 1914ல் சுமார் 82 கோடி டாலர் பெறுமானமாக இருந்த ஏற்றுமதி, 1916ல் சுமார் 320 கோடி டாலராக உயர்ந்தது. கோதுமை, பஞ்சு, எஃகு, வெடிமருந்து யாவும் கப்பல் ஏறின. வாங்கியவர்களிடம் ரொக்கம் தீர்ந்தது. யுத்தம் செய்யும் நாடுகளுக்குக் கடன் கொடுப்பது உண்மையான நடுநிலைமைக்கு விரோதம் என்று அன்னிய விவகார மந்திரி பிரையன் முதலில் தடுத்தார். 1915ல் அந்தத் தடை தளர்ந்தது. மார்கன் பாங்கியின் மூலம் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் 50 கோடி டாலர் கடன் திரட்டப்பட்டது. கடன் கொடுத்தவன் கடனாளி தோற்பதைச் சகிப்பானா? அமெரிக்க விவசாயியின் விலையும், தொழிலாளியின் கூலியும், முதலாளியின் லாபமும் நேசக் கட்சியின் வெற்றியோடு பிணைக்கப்பட்டன. வில்ஸன் இதை விரும்பித் திட்டமிட்டார் என்று சொல்வது நியாயமாகாது. தடுக்கும் துணிவு அவருக்கு இல்லை என்பதே உண்மை. தடுத்திருந்தால் நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்திருக்கும்.

ஜெர்மனி தன் பங்குக்கு நீர்மூழ்கிக் கப்பல்களை ஏவியது. 1915ம் வருஷம் மே மாதம் 7ந் தேதி லூஸிடானியா என்னும் பிரயாணிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டுச் சுமார் 1,200 பேர் மாண்டார்கள். அவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள். வில்ஸன் ஜெர்மனிக்கு அனுப்பிய கடிதங்கள் யுத்தத்துக்கு இழுத்துச் செல்லும் என்று கருதிப் பிரையன் ராஜினாமாச் செய்தார். எனினும் வில்ஸன் மேலும் இரண்டு வருஷம் பொறுத்தார். நாட்டை யுத்தத்தில் சேர்க்காமல் காத்தவர் என்ற பெயராலேயே 1916 நவம்பரில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கலிபோர்னியா மாகாணத்தில் நாலாயிரத்துக்கும் குறைந்த வோட்டுகளே அவருடைய வெற்றியை நிர்ணயித்தன.

1917 ஜனவரி 22ந் தேதி, எந்தப் பக்ஷத்துக்கும் வெற்றி இல்லாத சமாதானமே நிலைக்கும் என்ற கொள்கையை ஸெனட் சபையில் அவர் விளக்கினார். அவர் வாழ்நாளில் காட்டிய ராஜதந்திரத்தில் மிகச் சிறந்தது இதுவே என்று நாம் எண்ணுகிறோம். பத்து நாட்கள்கூடக் கழியவில்லை. எல்லாக் கப்பல்களையும் எச்சரிக்கையின்றி மூழ்கடிப்பதாக ஜெர்மனி தெரிவித்தது. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கினால் மெக்ஸிகோவைத் தனக்குத் துணையாக்கிக்கொள்ள ஜெர்மன் மந்திரி ஸிம்மர்மன் அனுப்பிய ரகசியத் தந்தியும் வெளியாயிற்று. ஏப்ரல் 2ந் தேதி வில்ஸன் காங்கிரஸ் சபையின் முன் நின்று யுத்தப் பிரகடனம் செய்யும்படி கேட்டார். ஸெனட்டில் 82 பேர் ஆதரித்து 6 பேர் எதிர்த்தார்கள். பிரதிநிதி சபையில் 373 பேர் ஆதரிக்க, 50 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் ஒருவர், அச்சபையில் அமர்ந்த முதல் பெண்மணியான ஜீனட் ராங்கின்.

வீட்டுக்குள் வந்த யுத்தம்

அதன் பிறகு அமெரிக்காவில் நடந்தது ஒரு புரட்சி என்றே கூற வேண்டும். மே மாதத்தில் கட்டாயப் படைச் சேர்ப்புச் சட்டம் நிறைவேறிற்று. யுத்தம் முடிவதற்குள் சுமார் 2 கோடியே 40 லக்ஷம் ஆண்களின் பெயர்கள் பதிவாயின. 28 லக்ஷம் பேர் அச்சட்டத்தின்படி படையில் சேர்க்கப்பட்டார்கள். தொழில்களை நடத்த யுத்தத் தொழில் போர்டு ஒன்று ஏற்பட்டு, 1918 மார்ச்சு முதல் பெர்னார்ட் பரூக் என்னும் வியாபாரி அதற்குத் தலைவரானார். எந்த ஆலைக்கு எஃகு முதலில் போக வேண்டும், எந்தப் பொருளை எத்தனை தினுசில் செய்யலாம் என்பதையெல்லாம் அந்தப் போர்டு தீர்மானித்தது. 1917 டிசம்பரில் ரயில்வேக்கள் அனைத்தையும் சர்க்கார் தன் வசம் எடுத்துக்கொண்டது. தனியார் தொழிலில் சர்க்கார் கை வைக்கலாகாது என்று நூறு வருஷமாக மந்திரம் ஜபித்த நாடு அது!

உணவு இலாகாவுக்கு ஹெர்பர்ட் ஹூவர் தலைவர். அவர் ரேஷன் சீட்டு கொடுக்கவில்லை. இல்லத்தரசிகளின் தேசபக்தியையே நம்பினார். திங்கட்கிழமை கோதுமை கிடையாது, செவ்வாய்க்கிழமை மாமிசம் கிடையாது என்று குடும்பங்கள் தாமாகவே விரதம் பூண்டன. மிச்சமான தானியம் ஐரோப்பாவுக்குச் சென்றது.

செலவு மலை போல் வளர்ந்தது. 1913ல் அதிகபக்ஷம் நூற்றுக்கு 7 ஆக இருந்த வருமான வரி, 1918ல் பெரும் பணக்காரருக்கு நூற்றுக்கு 77 ஆயிற்று. ஐந்து முறை ஜனங்களிடம் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டு 2,100 கோடி டாலருக்கு மேல் திரட்டப்பட்டது. யுத்தத்துக்கு முன் சுமார் 100 கோடி டாலராக இருந்த தேசியக் கடன், 1919ல் சுமார் 2,500 கோடியாயிற்று. விலைவாசிகள் ஏறக்குறைய இரண்டு மடங்காயின. மற்றொரு புறம், ஐரோப்பாவுக்குக் கடன்பட்டிருந்த அமெரிக்கா ஐரோப்பாவுக்குக் கடன் கொடுத்த நாடாக மாறிற்று. உலகின் பணப்பெட்டி லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு நகரத் தொடங்கியது அப்போதுதான்.

தொழிலாளர் பற்றாக்குறையால் தெற்கிலிருந்து லக்ஷக்கணக்கான கறுப்பு மக்கள் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். பெண்கள் ஆலைகளிலும் காரியாலயங்களிலும் இடம் பெற்றார்கள். வெள்ளை மாளிகையின் வாசலில் வோட்டுரிமை கேட்டு மறியல் செய்த மாதர்கள் 1917ல் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். மறு வருஷம் வில்ஸனே ஸெனட்டுக்குச் சென்று அவர்களுக்கு வோட்டுரிமை வழங்கும்படி கேட்டார். 1920ல் அது சட்டமாயிற்று. யுத்தம் சிலருக்குக் கதவைத் திறந்ததும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அடைக்கப்பட்ட வாய்கள்

ஆனால் திறந்த கதவுகளைக் காட்டிலும் மூடிய கதவுகளே அதிகம். யுத்தம் அறிவித்த சில நாட்களுக்குள் ஜார்ஜ் கிரீல் என்னும் பத்திரிகையாளரின் தலைமையில் பிரசார இலாகா ஒன்று நிறுவப்பட்டது. சினிமாக் கொட்டகைகளில் நாலு நிமிஷப் பிரசங்கம் செய்ய 75,000 தொண்டர்கள் நாடெங்கும் அனுப்பப்பட்டார்கள். ஜெர்மன் மொழியைப் பள்ளிகளில் கற்பிப்பதைப் பல மாகாணங்கள் நிறுத்தின. முட்டைக்கோசு ஊறுகாய்க்குக்கூட ஜெர்மன் பெயர் கூடாதென்று வேறு பெயர் சூட்டினார்கள். 1918 ஏப்ரலில் இல்லினாய் மாகாணத்தில் ஒரு கும்பல் ஜெர்மனியில் பிறந்த ஒருவரை மரத்தில் தூக்கிலிட்டது.

1917 ஜூன் 15ந் தேதி ஒற்றுத் தடைச் சட்டம் வந்தது. பெயர் ஒற்றரைப் பற்றியது. வேலை பத்திரிகைகளைப் பற்றியது. யுத்தத்தை எதிர்த்து எழுதிய பத்திரிகைகளைத் தபாலில் ஏற்க மறுக்கும் அதிகாரம் தபால் இலாகா மந்திரி பர்லஸனுக்குக் கிடைத்தது. அவர் அதைத் தயங்காமல் உபயோகித்தார். 1918 மே மாதத்தில் அதனினும் கடுமையான ராஜத்துரோகச் சட்டம் நிறைவேறிற்று. சர்க்காரையோ, அரசியலமைப்பையோ, கொடியையோ, சிப்பாயின் உடுப்பையோ இழிவாகப் பேசுவதும் குற்றமாயிற்று. ராஜாவே இல்லாத நாட்டில் ராஜத்துரோகச் சட்டம்! இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மீது வழக்குகள் தொடரப்பட்டன.

1918 ஜூன் 16ந் தேதி, ஒஹையோ மாகாணத்திலுள்ள கான்டன் நகரில் யூஜீன் டெப்ஸ் யுத்தத்தைக் கண்டித்துப் பேசினார். 1912ல் வில்ஸனோடு போட்டியிட்ட அதே டெப்ஸ்தான். அறுபது வயதைக் கடந்த அம்முதியவருக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1919 மார்ச்சில், அதாவது துப்பாக்கிகள் ஓய்ந்து நாலு மாதம் கழிந்த பின்னர், சுப்ரீம் கோர்ட்டு அத்தண்டனையை ஏகமனதாக ஊர்ஜிதம் செய்தது.

இந்தியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கலிபோர்னியாவில் இயங்கிய கதர் கட்சியார் மீது ஸான்பிரான்ஸிஸ்கோவில் 1917 நவம்பர் முதல் 1918 ஏப்ரல் வரை பெரிய சதி வழக்கு நடந்தது. தாரக் நாத் தாஸ் முதலிய இந்தியர்களும் பல ஜெர்மானியர்களும் தண்டனை அடைந்தார்கள். அமெரிக்காவின் நடுநிலைமையைக் கெடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அமெரிக்கா நடுநிலைமையைக் கைவிட்ட பிறகு அவ்வழக்கு விசாரணைக்கு வந்தது என்பதைச் சட்டம் அறிந்தோர் கவனிக்க வேண்டும்.

ஆயினும் நமது நாடு வில்ஸனை நம்பிற்று. சென்னை ஹைக்கோர்ட்டின் முன்னாள் நீதிபதியும், சுயாட்சிச் சங்கத்தின் கௌரவத் தலைவருமான ஸர் எஸ். சுப்பிரமணிய அய்யர், அன்னி பெஸன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்ட அதே 1917 ஜூன் மாதத்தில் வில்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவுக்குச் சுயாட்சி தருவதாக வாக்களித்தால் மூன்று மாதத்தில் 50 லக்ஷம் பேரும், அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் 50 லக்ஷம் பேரும் யுத்தமுனைக்கு வருவார்கள் என்று அதில் உறுதி கூறினார். ஹாட்ச்னர் என்னும் அமெரிக்கத் தம்பதிகள் அதைக் கொண்டு சென்றார்கள். வில்ஸனிடமிருந்து இந்தியாவுக்கு விமோசனம் ஒன்றும் வரவில்லை. பிரிட்டிஷ் மந்திரிகளின் கண்டனமே வந்தது. அந்தப் பெரியவர் 1918ல் தமது பட்டங்களைத் துறந்து தமது மானத்தைக் காத்துக்கொண்டார்.

பாரிஸில் நேர்ந்தது

1918 ஜனவரி 8ந் தேதி வில்ஸன் தமது 14 அம்சங்களை வெளியிட்டார். ரகசிய உடன்படிக்கைகள் ஒழிய வேண்டும். கடல்கள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். ஆயுதங்கள் குறைய வேண்டும். குடியேற்ற நாடுகளின் விஷயத்தில் அங்குள்ள மக்களின் நலமும் கவனிக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லா நாடுகளையும் காக்கும் சர்வதேச சங்கம் ஒன்று ஏற்பட வேண்டும். கிரீலின் பிரசார இலாகா இவற்றை உலகின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் பரப்பியது. அந்த அம்சங்களை ஆதாரமாகக் கொண்டே ஜெர்மனி சமாதானம் கோரியது. நவம்பர் 11ந் தேதி யுத்தம் நின்றது. அதற்குள் சுமார் 20 லக்ஷம் அமெரிக்கர் பிரான்ஸுக்குச் சென்றிருந்தார்கள். யுத்தத்திலும் நோயிலுமாக ஒரு லக்ஷத்துப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் உயிர் நீத்தார்கள்.

அதே மாதத் தேர்தலில் தமது கட்சிக்கே வோட்டளிக்க வேண்டும் என்று வில்ஸன் ஜனங்களை வேண்டியிருந்தார். ஜனங்கள் இரண்டு சபைகளையும் எதிர்க்கட்சியிடம் ஒப்படைத்தார்கள். அப்படியிருந்தும் அக்கட்சியின் முக்கியத் தலைவர் ஒருவரைக்கூட அவர் பாரிஸுக்கு அழைத்துச் செல்லவில்லை.

பாரிஸில் அவருக்கு எதிரே அமர்ந்தவர்கள் பிரான்ஸின் கிளெமான்ஸோவும் பிரிட்டனின் லாயிட் ஜார்ஜும். இருவரும் யுத்தச் செலவுக்குத் தம் ஜனங்களிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள். பிரான்ஸின் வட பகுதி பாழாகிக் கிடந்தது. அமெரிக்காவுக்கு நேசக் கட்சியார் பட்ட கடன் சுமார் 1,000 கோடி டாலர். அந்தக் கடனைத் தள்ள வில்ஸன் சம்மதிக்கவில்லை. அவர்கள் ஜெர்மனியிடமிருந்து வசூலிக்கத் துடித்தார்கள். சர்வதேச சங்கம் ஒன்றைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அவர் மற்ற அம்சங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார். 1919 ஜூன் 28ந் தேதி வெர்ஸேல்ஸ் மாளிகையில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

அடிமைப்பட்ட நாடுகளுக்கு நேர்ந்தது அதனினும் கொடியது. போலந்துக்கும் செக்கோஸ்லோவேகியாவுக்கும் கிடைத்த சுயநிர்ணய உரிமை சூயஸ் கால்வாயைத் தாண்டவில்லை. எகிப்தியத் தலைவர் ஸாத் ஸக்லூலைப் பிரிட்டிஷார் 1919 மார்ச்சில் மால்டாத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். ஏப்ரலில் எகிப்தின் மீது பிரிட்டனின் ஆதிக்கத்தை வில்ஸன் அங்கீகரித்தார். சீனாவின் ஷான்டுங் பிரதேசம் ஜப்பான் வசம் விடப்பட்டது. மே 4ந் தேதி பீகிங் மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். இனங்களின் சமத்துவத்தைச் சங்கத்தின் விதிகளில் சேர்க்க வேண்டும் என்ற ஜப்பானின் பிரேரணைக்கு 17 பேரில் 11 பேர் ஆதரவு தந்தார்கள். ஏகமனதாக இல்லை என்று சொல்லித் தலைமை வகித்த வில்ஸனே அதைத் தள்ளினார். இந்தியக் காங்கிரஸ் தன் பிரதிநிதிகளாகத் திலகரையும் காந்தியடிகளையும் ஹஸன் இமாமையும் தேர்ந்தெடுத்திருந்தது. திலகருக்குப் பிரயாண அனுமதி மறுக்கப்பட்டது. பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களைக் கடல் கடந்து அனுப்பிய இந்தியாவின் பெயரால் பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகுவும் பிக்கானீர் மகாராஜாவும் கையெழுத்திட்டார்கள். அந்த மாநாடு கூடியிருந்த நாட்களிலேயே, யுத்த கால அடக்குமுறையைச் சமாதான காலத்துக்கும் நீட்டிய ரௌலட் சட்டம் இங்கே வந்தது. ஏப்ரல் 13ந் தேதி ஜாலியன்வாலா பாகில் ரத்தம் ஓடிற்று.

ஆதரிக்க ஆள் இல்லை

வில்ஸன் ஊர் திரும்பினார். சங்கத்தைச் சேர்ந்த நாடுகளின் எல்லைகளைக் காக்க உறுதி கூறும் பத்தாவது ஷரத்து அமெரிக்காவை ஓயாத யுத்தங்களில் இழுத்துவிடும் என்று லாட்ஜ் எதிர்த்தார். வில்ஸன் ஓர் எழுத்தையும் மாற்ற இணங்கவில்லை. ஜனங்களிடமே நேரில் முறையிடுவதென்று 1919 செப்டம்பரில் ரயில் ஏறினார். எண்ணாயிரம் மைல் சுற்றினார். 25ந் தேதி கொலராடோவிலுள்ள பியூப்லோ நகரில் பேசிய பின் உடல் தளர்ந்து விழுந்தார். அக்டோபர் 2ந் தேதி பாரிசவாயு அவருடைய இடது பாகத்தை முடக்கியது. பல மாதங்கள் அவருடைய இரண்டாம் மனைவி எடித் அம்மையார் அனுமதித்த காகிதங்களே அவர் கண்ணில் பட்டன. 1920 மார்ச்சு 19ந் தேதி, லாட்ஜின் திருத்தங்களோடு கூடிய உடன்படிக்கைக்கு ஸெனட்டில் 49 பேர் சாதகமாகவும் 35 பேர் பாதகமாகவும் வோட்டளித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வோட்டுகள் குறைந்தன. பாதகமாக வோட்டளித்தவர்களில் பலர், திருத்தத்தை ஏற்க வேண்டாம் என்ற வில்ஸனின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்த அவருடைய கட்சியாரே!

ஜனங்களிடம் முறையிடச் சென்றாரே, அவருக்காகக் குரல் கொடுக்க எந்த ஜனங்கள் மிஞ்சியிருந்தார்கள்? இதுவே நாம் கேட்க விரும்பும் கேள்வி. 1916ல் அவரை வெற்றி பெறச் செய்தவர்கள் யார்? சமாதானப் பிரியர்கள், தொழிலாளர்கள், முற்போக்கான எழுத்தாளர்கள், சீர்திருத்தவாதிகள். நியாயமான சமாதானத்தையும் சர்வதேச சங்கத்தையும் அவருக்கு முன்பே பேசி வந்தவர்கள் அவர்களில் பலர். 1917க்குப் பிறகு அவர்களுடைய பத்திரிகைகள் தபாலில் போகவில்லை. கூட்டங்கள் கலைக்கப்பட்டன. தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். ஜெர்மானிய வம்சத்தார் அவமானப்பட்டு மனம் கசந்திருந்தார்கள். ஐரிஷ் வம்சத்தார் அயர்லாந்து கைவிடப்பட்டதைக் கண்டு கொதித்திருந்தார்கள். 1919ல் நாற்பது லக்ஷம் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்; அட்டர்னி ஜெனரல் பாமர் வீடுகளைச் சோதனையிட்டு ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தார். யுத்தத்துக்காக ஊட்டி வளர்த்த துவேஷம் யுத்தம் நின்றதும் நிற்கவில்லை. வேறு எதிரியைத் தேடிற்று.

1920 தேர்தலில் ஹார்டிங் பெருவெற்றி பெற்றார். அட்லாண்டாச் சிறையிலிருந்தே போட்டியிட்ட டெப்ஸ் மறுபடியும் ஒன்பது லக்ஷத்துக்கு மேல் வோட்டுகள் பெற்றார். அட்லாண்டா, ஒரு காலத்தில் வில்ஸன் வக்கீல் தொழில் நடத்திய ஊர். டெப்ஸை விடுவிக்கும்படி பலர் மன்றாடியும் வில்ஸன் மறுத்தார். 1921 டிசம்பரில் ஹார்டிங் விடுவித்தார். தாராள மனப்பான்மைக்குப் பெயர் பெற்றவர் செய்ய மறுத்ததைச் சாதாரண அரசியல்வாதி ஒருவர் செய்தார். வில்ஸன் 1924ம் வருஷம் பிப்ரவரி 3ந் தேதி வாஷிங்டனில் காலமானார்.

அவரைக் கபடர் என்று தள்ளுவது சுலபம், அது நியாயமன்று. 1919க்குரிய நோபல் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது வீணாக அல்ல. அவர் கண்ட கனவின் ஒரு பாகம் 1945ல் ஐக்கிய நாடுகள் சபையாக உருவெடுத்தது. அவர் வெளியிட்ட கொள்கை, அவர் நினைத்த எல்லையைத் தாண்டி, அடிமை நாடுகளின் கையில் ஆயுதமாயிற்று. ஆனால் சுதந்திரத்தை ஒரு பண்டமாகக் கருதி, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்துகொண்டே வீட்டில் பங்கீடு செய்யலாம் என்று அவர் எண்ணினார். அது பொருளாதாரத்தில் கூடும். மனித உரிமையில் கூடாது. குடிமக்களின் வாயை யுத்த காலத்தில் அடைத்த சர்க்கார், சமாதானம் வரும்போது தனக்காகப் பேசும் வாய்களையும் இழந்து நிற்கிறது.

வெற்றி வரும் வரையில் உரிமைகளைச் சற்று ஒத்தி வையுங்கள் என்று எந்த சர்க்கார் கேட்டாலும், குடிமக்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: திருப்பித் தரும் தேதி அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதா? வில்ஸனுடைய ராஜத்துரோகச் சட்டத்தை, யுத்தம் நின்று இரண்டு வருஷம் கழித்து 1920 டிசம்பரில் காங்கிரஸ் சபை ரத்துச் செய்தது. 1917ன் ஒற்றுத் தடைச் சட்டமோ, நூறு வருஷத்துக்கு மேலாகியும் இன்றும் அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வில்ஸன் செய்த உடன்படிக்கை மாண்டது. அவர் செய்த யுத்தச் சட்டம் சாகவில்லை.